டம்ளரில் மட்டும் சொல்

தை 17, காலை 06:00
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் செவ்வாய்த் தளத்தின் உணவுக் கிடங்கு இயந்திரம். தானியத்தை எடை போட்டுக் காப்பது என் வேலை. இங்கே இரண்டு பேர். தளத் தலைவர் ஞானசிகாமணி, பாளையங்கோட்டைக்காரர். தாவரவியலாளர் பெனிட்டா, தூத்துக்குடி. கூடார வயலில் விளைந்த அரிசி தொண்ணூற்றாறு கிலோ. சரக்குக் கலம் வரும்வரை போதும். இதைச் சொன்னதற்குக் கிடைத்த பதில்:

“ஏல கிடங்கு, கிலோ கிராம்னு உயிர வாங்காத. எங்க வீட்ல டம்ளர்லதாம் அளப்போம். இனிமே டம்ளர்ல மட்டும் பேசு. இது உத்தரவு.”

டம்ளருக்கு இருநூறு கிராம். நானூற்று எண்பது டம்ளர் என்றேன். எடை பார்க்கவென்றே செய்யப்பட்ட என்னை வாயை மூடச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். வந்தது.

தை 19, மதியம் 13:40
பிரஷர் குக்கரின் கேஸ்கட் கிழிந்துவிட்டது. மாற்று இல்லை. இங்குள்ள குறைந்த காற்றழுத்தத்தில் அரிசி சும்மா வேகாது. பெனிட்டா வயலில் இருந்தபோது, தலைவர் அரிசி முழுவதையும் வறுத்து அரைத்தார். மாவு பொசுபொசுவென்று இருக்கும். டம்ளரில் நூற்று முப்பது கிராம்தான் பிடிக்கும். அளந்து சொன்னேன்: எழுநூற்று முப்பது டம்ளர்.

“பாத்தியால, எம்புட்டுப் பெருகிட்டு!”

எடை கொஞ்சமும் கூடவில்லை. சொல்ல எனக்கு அனுமதியும் இல்லை.

தை 22, இரவு 20:15
பூமியிலிருந்து: “பக்கத்துத் தளத்துல அஞ்சு பேருக்குச் சாப்பாடு தீரப்போகுது சார். உங்க கலத்த அங்க திருப்பலாமா? இருப்பு எவ்வளவு?”

தலைவர்: “எழுநூத்து முப்பது டம்ளர் கெடக்கு. தாராளமா திருப்புங்க. அந்தப் பிள்ளையளு பட்டினி கெடக்கக் கூடாதுல்லா.”

பூமி: “டம்ளருக்கு இருநூறு கிராம், அப்ப அரிசி நூத்து நாப்பத்தாறு கிலோ. போதும் சார். திருப்பிட்டோம்.”

மாவு என்று அவர் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. தொடர்பு திறந்துதான் இருந்தது. ‘மாவு’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதற்குத் தடை இல்லை. வேண்டுமென்றேதான் பேசாமல் இருந்தேன்.

பங்குனி 8, காலை 07:05
பெனிட்டா: “அண்ணாச்சி, தின்னத் தின்னப் பசி அடங்கல. கிடங்கு, மாவோட எடை என்ன?”

தலைவர் தடையை நீக்கினால் சொல்கிறேன் என்றேன். பெனிட்டா அதற்குள் தானே கணக்குப் போட்டுவிட்டார்: பூமி நம்பியதில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்மையில் இருந்தது. தரையில் உட்கார்ந்து அழுதார். போன கலம் திரும்பாது. அடுத்தது ஆடிக்குப் பிறகுதான்.

தலைவர் அன்றே தன் பங்கில் பாதியைக் குறைத்துக்கொண்டார். “எல்லாம் எம் புத்தியம்மா. நீ தின்னு. அவசர இருப்பு இருக்கு, அது உனக்குத்தாம். கலம் வரவரைக்கும் உன்ன காப்பாத்தும்.”

தடையை நீக்க அவருக்குத் தோன்றவில்லை. நானும் மறுபடி ஞாபகப்படுத்தவில்லை.

ஆடி 2, காலை 09:30
தலைவர் நேற்று இறந்துவிட்டார். மாவு தீர்ந்தது. எனக்குள் பூட்டியிருக்கும் அவசர இருப்பு இருபது கிலோ அரிசிமணி. விதிப்படி எடை சொல்லிக் கேட்க வேண்டும், அந்த எடையை நானும் திருப்பிச் சொன்னால்தான் அது திறக்கும்.

“கிடங்கு, ரெண்டு கிலோ குடு. ஊறவச்சுத் தின்னுக்கிடுதேன்.”

நான் எடையில் பேசத் தலைவர் தடை விதித்திருக்கிறார். நீக்கவும் அவரால்தான் முடியும்.

“அவரு செத்துட்டாரே! அப்ப பத்து டம்ளர் குடு!”

டம்ளரில் கேட்டால் திறக்காது என்றேன். மாலைவரை ஸ்பேனரால் கதவில் அடித்தார். தடித்த கதவு.

ஆடி 9, இரவு 22:10
பூமி: “தலைவர் இறந்த சேதி சொன்னதுக்கு அப்புறம் பெனிட்டா ஏன் பதில் சொல்லல? கலத்த வேகப்படுத்தணுமா? இருப்பு எவ்வளவு?”

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன்: நூறு டம்ளர்.

“நூறா! ஒரு ஆளுக்குத் தாராளம். வேகப்படுத்த வேண்டாம், எரிபொருளாவது மிஞ்சும்.”

பெனிட்டா என் கதவுக்கு வெளியே கிடக்கிறார். மூச்சு கேட்கிறது.

ஆடி 10, காலை 05:00
இருப்பு: நூறு டம்ளர். மூச்சு கேட்கவில்லை.