நின்ற வாட்சை ஏன் ஓடவிட்டாய்

மாதா துணை
சாந்தன்பாறை

மகன் சகாயத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் என் முழங்கால் வலியும் இங்கே சுகம், புனேயில் உன் சுகத்தை மாதா விசாரித்துக்கொள்வாள், எனக்கு இப்போது மனசில்லை. உன் அண்ணன் பிள்ளைகளில் ஜோமோள் நர்சிங் பாஸாகிவிட்டாள், டிஜோ ஜில்லா ஓட்டப் பந்தயத்தில் கப்பு வாங்கினான், சின்னவள் சிஞ்சுவுக்கு மறைக்கல்வியில் முதல் பரிசு. அஞ்சாம் கிளாஸ் படித்தவளின் வம்சம் இது என்று தோட்டத்து லயத்தில் வீடு வீடாகச் சொல்லிவிட்டு உன் பேருக்கு வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. போனில் கேட்டால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

பக்கத்து வீட்டுக் கத்தரீனாள் அத்தை புருஷன் சூசையப்பன் மாமாவின் வாட்ச் விஷயம்தான். ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தத் தீ பார்த்த மனுஷன், அந்தப் புகை ஏறித்தான் டயல் மஞ்சளாச்சு. அவர் கண் மூடின நேரத்தில் அத்தை அதை நிறுத்தி அவர் போட்டோ ஆணியில் மாட்டினாள். நம் லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், உன் அப்பா வாட்சும் நம் சுவரில் அப்படித்தானே தொங்குகிறது, உனக்குத் தெரியாதா. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவன் அதைக் கழற்றி, சும்மாதானே கெடக்கு அத்த, நான் கொண்டுபோறேன் என்று அவள் கையில் ஒரு நோட்டைத் திணித்தாயாம். நீ விலை கொடுத்ததாக நினைத்தாய். அவளோ, மாமா பேருக்குப் பூசை வைக்கக் கொடுக்கிறான், வாட்சைத் துடைத்துத் திருப்பிக் கொண்டுவருவான் என்று நினைத்து அந்த நோட்டை அப்படியே சாமியாரிடம் கொடுத்தாள். பூசையில் மாமா பேரோடு உன் பேரையும் வாசித்தார்கள், நானும் மடச்சி, நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

போன வாரம் அத்தையின் பேத்தி அஞ்சு, நீ போட்ட வீடியோவைப் போனில் காட்டினாள். பழைய வாட்சுகளை வரிசையாக அடுக்கி, இது மலைப்புகை குடித்த டயல், இந்த மாதிரி இன்னொன்று கிடைக்காது, சல்லிசாக அமைந்தது என்று பீற்றுகிறாய். முள் ஓடுகிறது. அவரு போன நேரத்தையே அழிச்சுப்புட்டானே மதினி என்றாள் அத்தை, வைதிருந்தால் தாங்கியிருப்பேன். உதிர்ந்த ஏலக்காய் நாலு நம் மடியில் இருந்தால் திருட்டு என்று நிறுத்திவைக்கிறான் தோட்டத்து வாட்ச்மேன், நீ செய்வதற்கு மட்டும் கலெக்‌ஷன் என்று பேரா? சந்தையில் வாங்கு, பழைய கடையில் பொறுக்கு, யார் வேண்டாம் என்றது, செத்தவர் ஆணியில் கை வைக்காதே. இனி அதற்குச் சாவி கொடுக்காதே, தானாக நிற்கட்டும். கூரியரில் போட்டுத் தப்பிக்கப் பார்க்காதே, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் நீயே கொண்டுவந்து அத்தை கையில் கொடு. முள்ளை நீ திருப்பி வைக்காதே, அந்த நேரம் அவளுக்குத்தான் தெரியும். அதைக் கொடுக்காமல் என் வாசல் மிதிக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு, இத்தனை வாட்ச் வைத்தும் உனக்கு அது தெரிவதில்லை. மாதா உனக்கு ஆயுசும் அதோடு கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும். இன்னொன்று, ஈஸ்டருக்கு நீ அனுப்பி நான் ஆசையாய் மாட்டின போட்டோவிலும் அந்த வாட்சைத்தான் கட்டியிருக்கிறாய், இப்போதுதான் கவனித்தேன். ஜெபமாலைக்கு வரும் அத்தை கண்ணில் படாமல் உன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். கை வெறுமையாகத் தெரிகிற மாதிரி புதுப் போட்டோ ஒன்று எடுத்து உடனே தபாலில் அனுப்பு.

உன் அம்மா
சவரியம்மாள்