பதினோரு மணிக் கோடு

மார்ச் 17, திங்கள்

இன்றும் அப்பா கடையிலிருந்து போன்மேல் போன். மாடியில் ஃபேன் ஓடுகிறதா? மோட்டாரை ஏன் இன்னும் நிறுத்தவில்லை? ஃப்ரிட்ஜ் கதவைச் சரியாகச் சாத்தினாயா? ராயபுரத்தில் உட்கார்ந்து படகுக்காரர்களுக்குக் கயிறும் பெயிண்டும் விற்றுக்கொண்டே, திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் எந்த ஸ்விட்ச் போட்டிருக்கிறது என்று பார்க்கிறார்.

மொட்டை மாடியில் சோலார் வைத்ததிலிருந்தே இப்படித்தான். போனில் இரண்டு கோடுகள். வெயில் தருவது பச்சை. நாங்கள் செலவழிப்பது சிவப்பு. எலக்ட்ரிக் கார் வாங்கி, கீழே சார்ஜர் மாட்டிய பிறகு இன்னும் மோசம். அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். அப்பாவுக்குக் கோட்டைப் பார்க்கத் தெரியும், எதையாவது மாற்ற வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்.

இதை ஜன்னலோரம் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஒரு பல்பு போட்டால் கோடு அசையாது, தெரியும். ஆனாலும் கை ஸ்விட்ச் பக்கம் போக மாட்டேன் என்கிறது.

நாளை அக்கா வருகிறாள்.

மார்ச் 18, செவ்வாய்

வந்தாள். அப்பா கடைக்குக் கிளம்பிய பிறகு, பின்பக்கச் சந்து வழியாக, காலித் அண்ணன் ஆட்டோவில். அவர் அக்கா வீட்டுக்காரர் பகலவன் மாமாவின் நண்பர். “இன்னா பாப்பா, நைனா பூட்டாரா? கொயந்த தூங்கினு கீது, கேட்ட மெதுவா தெற” என்றார்.

ஜெமிமா அக்காவுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு அம்மாதான் தண்ணி ஊற்ற வேண்டும், தெற்கே எங்கள் ஊர்ப்பக்கம் அப்படி. பொறுக்கும் சூட்டில் இடுப்பில் வாரி வாரி ஊற்றுவது. பிறகு பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது. வியாசர்பாடியில் அக்கா இருப்பது மூன்றாவது மாடி. தண்ணீரைக் கீழேயிருந்து தூக்க வேண்டும். அவள் மாமியார் விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுகிறார். அதனால் அம்மா இங்கேயே கீசரைப் போட்டாள்.

“இன்னாடி கெசி, இப்டி இளைச்சுட்ட?” என்றாள் அக்கா.

“ஏட்டி, இன்னாவா? ஒரு வருசத்துல நாக்கே திரும்பிட்டு உனக்கு” என்றாள் அம்மா.

“நீதான் எங்க வூட்டாண்ட வந்து பேசிப் பாரேன். உன் பேச்ச கேட்டு அவங்க சிரிப்பாங்க.”

அம்மா சிரித்தாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே சிரித்தாள்.

சாயங்காலம் அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “பதினோரு மணிக்குச் செவப்பு மல மாதிரி ஏறியிருக்கே, என்னது?”

“மேலெல்லாம் வலி. வெந்நில குளிச்சேன்.”

“இந்த வெக்கையிலயா?”

அதோடு விட்டுவிட்டார். விட்டுவிட்டாரா?

போன வருடம் அக்கா பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “அவளப் பாத்தேன்னு தெரிஞ்சா நீயும் அவகூடயே போயிரு. திரும்ப இந்த வாசல்ல ஏறாத.” சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயம் இருக்காது. சத்தமில்லாமல் சொன்ன எதையும் அப்பா மாற்றிக்கொண்டதில்லை.

மார்ச் 20, வியாழன்

அக்கா நாளைக்கு மறுபடி வருவாள். கேஸ் அடுப்பில் காய்ச்சலாமே என்றேன். சிலிண்டர் எந்தத் தேதியில் தீரும் என்று உங்க அப்பாவுக்குத் தெரியும்டி என்றாள் அம்மா. உண்மைதான். புக் செய்வதும் அவர்தான்.

மத்தியானம் முழுக்க அறிவியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதையே யோசித்தேன்.

கார்!

விடிகாலையில் அப்பா காரில் முகத்துவாரக்குப்பம் வரை போய்ச் சரக்குக் கொடுத்துவிட்டு வருவார். கடைத்தெருவுக்குள் கார் நுழையாது என்பதால் அதைப் போர்ட்டிகோவில் விட்டு, வயரைச் செருகிவிட்டு, ஸ்கூட்டரில் கடைக்குப் போவார். நல்ல வெயிலில் ஏறட்டும் என்று சார்ஜ் நேரத்தை மத்தியானத்துக்கு வைத்திருக்கிறோம். கார் ஏறும்போது சிவப்புக் கோடு எப்படியும் உச்சியில்தான் நிற்கும். அதன் முதுகில் கீசரும் ஏறிக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

பத்தரைக்கு மாற்றிவிட்டேன். மாற்றிய கையோடு அம்மாவிடம் ஓடிப்போய், கார் ஏறும்போது மட்டும் கீசரைப் போடு என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

அக்கா வந்தாள், போனாள். அப்பா எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

“காரு காலையிலயே ஏறுதே, நீ மாத்துனியா?”

மத்தியான வெயிலை அப்படியே ஈ.பி.க்குக் கொடுத்தால் பில்லில் நல்லாக் கழியும்பா என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? பொய்யும் இல்லை, கொஞ்சம் உண்மைதான்.

“பத்தாப்பு படிக்கியா, இஞ்சினீருக்குப் படிக்கியாட்டி?” கடையில் எல்லோரிடமும் போனைக் காட்டினாராம். இரவு எனக்கு மட்டும் அல்வா வாங்கி வந்தார். ஒரு வாய் தின்றுவிட்டு மூடி வைத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

இன்று இங்கிலீஷ் பரீட்சை. காலையில் ஸ்கூட்டர் பஞ்சர். “ஏறு, உன்ன விட்டுட்டு அப்படியே காரக் கடைக்குக் கொண்டு போறேன், பக்கத்துத் தெருவுல நிறுத்திக்கலாம்” என்றார் அப்பா. நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தேரடி தாண்டிய பிறகுதான் உறைத்தது. கார் இங்கே இருக்கிறது, பின்கட்டில் இருந்த அம்மாவுக்கு அது தெரியாது. இன்று அக்கா வருகிற நாள். கார் ஏறிக்கொண்டிருக்கிறது என்ற தைரியத்தில் அம்மா கீசரைப் போடுவாள்.

“அப்பா, அம்மாகிட்ட ஒரு போன் பேசணும்.”

“என்னத்த மறந்த?”

“ஹால் டிக்கெட்.”

“கையிலதான வச்சிருக்க.”

பார்த்தேன். கையில்தான் இருந்தது. அப்பா சிரித்தார். பயப்படாம எழுது என்றார்.

என்ன எழுதினேன் என்றே தெரியவில்லை. வீட்டுக்கு ஓடி வந்தேன். அக்கா வந்துவிட்டுப் போய்விட்டிருந்தாள். குளியலறை முழுக்கப் பச்சைப்பிள்ளைப் பவுடர் வாசனை. ஆப்பைத் திறந்தால், சிவப்புக் கோடு காலையிலிருந்து தரையோடு தரையாக வந்து, பதினோரு மணிக்கு மட்டும் தனியாக எழுந்து நிற்கிறது. மறைக்க எதுவுமே இல்லை. அம்மாவிடம் சொன்னேன். குளியலறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா வந்தார். சாப்பிட்டார். பரீட்சை எப்படி என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஏப்ரல் 3, வியாழன்

கடையிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. சாயங்காலம் வேண்டுமென்றே ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

இனி வர வேண்டாம் என்று அம்மா அக்காவிடம் சொல்லிவிட்டாள். “பேஜாராப் பூச்சாம்மா?” என்று அக்கா கேட்டது போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது. அம்மா போனை வைத்துவிட்டாள்.

பீரோவுக்குப் பின்னால் ஒரு பை இருக்கிறது. அம்மாவின் சேலைகள், பைபிள், மாத்திரை. நான் பார்த்ததை அம்மா பார்க்கவில்லை.

அம்மா போனா நானும் போவேனா? அப்பா சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவார்? எனக்கு இதுல யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல.

ஏப்ரல் 7, திங்கள்

கணக்குப் பரீட்சையில் வரைபடம் வந்தது. கோட்டை அழித்து அழித்துத் தாள் கிழியப் பார்த்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

மத்தியானம் போன் வந்தது. அப்பா. அம்மா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி.”

“சொல்லுங்கப்பா.”

யாரோ நைலான் கயிறு கேட்கிற சத்தம். “இருய்யா, தாரேன்” என்றார் அவரிடம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இத்தன நாளாப் பதினோரு மணிக்குக் காருக்கு மேல கோடு எந்திரிக்கலியே.”

நான் பின்பக்கக் கதவைச் சாத்தினேன்.

“பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்லையா?”

எந்தப் பிள்ளைக்கு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. “நல்லா இருக்கான்ப்பா.”

“பையனா” என்றார்.

கயிறு கேட்டவர் மறுபடி ஏதோ சொன்னார். கடைசியில், “நான் கேட்டேன்னு அம்மாட்ட சொல்லாத” என்று வைத்துவிட்டார்.

முதல் நாளே தெரிந்துவிட்டதா? இந்த வெயிலில் வெந்நீர் யாருக்கு வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? நாங்கள் பிறந்தபோது அம்மாவுக்கு விடியற்காலையில் எழுந்து தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தவரே அவர்தானாம், அம்மா சொல்லியிருக்கிறாள். பிறகு ஏன் அத்தனை நாள் பேசாமல் இருந்தார்? இப்போதும் ராத்திரி சாப்பிடும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று மட்டும் சொன்னார்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. இங்கிலீஷ் பரீட்சை அன்றைக்கு அப்பா ஆப்பைத் திறக்கவே இல்லைம்மா, எனக்கு அதில் தெரியும் என்று சொன்னேன். அப்படியெல்லாம் எதிலும் தெரியாது. அம்மா நம்பினாள். நம்ப வேண்டும்போல இருந்தது அவளுக்கு. அக்காவை மறுபடி வரச் சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 10, வியாழன்

நாளை அறிவியல். இன்னும் இரண்டு பாடம் பாக்கி.

அப்பா காலையில் மாதவரத்தில் சரக்குப் பார்க்கக் காரை எடுத்துக்கொண்டு போனார். அம்மா அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பின்பக்கமாக அக்கா வந்தாள். பிள்ளை கொஞ்சம் பெருத்திருக்கிறான், காது அப்படியே எங்கள் அப்பா காது. அம்மா வாளியை வைத்துவிட்டு, கீசர் ஸ்விட்சில் கை வைத்தபடி குளியலறையிலிருந்து கூப்பிட்டாள்.

“ஏட்டி, காரு நிக்குதா பாரு.”

முன்பக்க ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். போர்ட்டிகோவில் சார்ஜர் வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

“நிக்குதும்மா” என்றேன். “போடு.”