நூர்ஜஹான் வரிசையில் மஞ்சள் இலை

ஜூலை 7, திங்கள்

காலை ஆறரைக்கே புழுக்கம். கம்பெனி மதில் ஓரம் பாட்டில் பிரஷ் செடிகளுக்குத் தண்ணீர். பிறகு ஈரத்துணியால் இலை துடைப்பு. மூன்றாவது செடியிலேயே துணி கறுத்துவிட்டது.

என் வரிசை முப்பது செடி. பால்புட்டி கழுவும் பிரஷ் மாதிரி சிவப்புப் பூ, கிளைக்குக் கிளை. எதிர் வரிசை முப்பதும் நூர்ஜஹான் பொறுப்பு. ஒன்றுகூடப் பூக்கவில்லை. கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இத்தனைக்கும் ஒரே நாற்று, ஒரே நாளில் நட்டது.

மேஸ்திரி அவளிடம்: "இன்னா நூரு, தண்ணி ஊத்துறியா, வெந்நி ஊத்துறியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வாங்க: தைலம், சோப்பு, சின்னவளுக்கு ரிப்பன்.

ஜூலை 9, புதன்

சனிக்கிழமை பெரிய ஆபீசர் பார்வையிட வருகிறாராம். அதற்குள் பச்சை திரும்பாவிட்டால் நூர்ஜஹானுக்கு வேலை இல்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்கு அவள் ஒருத்தி சம்பாத்தியம்தான். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போய்ப் படுத்தவர்.

மத்தியானம் அவள் சோற்று டப்பாவைத் திறக்கவே இல்லை. என்னைவிட மூத்தவள், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "நான் இன்னாக்கா தப்பு பண்ணேன்? ஒரே பேஜாரா கீது. உன்ன மாரிதான தண்ணி ஊத்துறேன், உன்ன மாரிதான எரு வெக்கிறேன்."

இன்னும் கொஞ்சம் எரு வைத்துப் பார் என்றேன்.

ஜூலை 10, வியாழன்

வேலை முடிந்து மணலி நாற்றுப் பண்ணைக்காரரிடம் அவள் செடியின் கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்த உடனே கேட்டார்: "குழில இன்னாமா போட்ட? நிலக்கரி சாம்பலா?"

தலையாட்டினேன்.

மார்ச்சில் குழி நிரப்பும்போது நூர்ஜஹான் வரவில்லை. மகளுக்குப் பிரசவம். அவள் குழிகளையும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். என் வரிசையோடு செம்மண் தீர்ந்துபோயிற்று. பள்ளம் மேடாக்க லாரியில் வந்த மின் நிலையச் சாம்பல் பக்கத்திலேயே குவிந்து கிடந்தது. வீட்டில் கத்தரிக்கும் அவரைக்கும் அடுப்புச் சாம்பல் போடுகிறோமே, இதுவும் அதுதானே என்று பாதிக்குப் பாதி கலந்தேன். நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன்.

பண்ணைக்காரர் சொன்னார்: "இந்தச் செடிக்கு அது ஆவாது. இரும்புச் சத்த இழுக்க வுடாது. சாம்பல வாரிட்டு செம்மண் போடு, இரும்புச் சத்துக்கு அன்னபேதி உப்பு கரைச்சு ஊத்து. மூணு வாரத்துல பொழைச்சிக்கும்."

சனிக்கிழமைக்கு எங்கே மூன்று வாரம். நாளை மேஸ்திரியிடம் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

சொல்லவில்லை.

இரண்டு தடவை அவர் மேசை வரை போனேன். முதலில் ஃபோனில் இருந்தார். இரண்டாம் தடவை சும்மாத்தான் இருந்தார். "இன்னா செல்வி?" கையுறை கிழிந்துவிட்டது என்றேன். புதுசு கொடுத்தார்.

எனக்கு வேலை போனால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன். அவள் எங்கே போவாள் என்று யோசிக்கவும் பயமாக இருக்கிறது.

ஜூலை 12, சனி

ஆபீசர் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. என் வரிசை முன்னால் ஃபோட்டோ. திரும்பிப் பார்த்து, "இது ஏன் இப்படி?" அவ்வளவுதான். மதியமே நூர்ஜஹானின் கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள்.

அவள் அழவில்லை. என் கையைப் பிடித்து, "என் கைராசி அப்டிக்கா. செடி இன்னா பண்ணும் பாவம். நீ பாத்துக்கோ" என்றாள். ஷேர் ஆட்டோ வரும்வரை கூடவே நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. சீ, நானெல்லாம் என்ன ஜென்மம்.

ஆகஸ்ட் 2, சனி

இரவு நல்ல மழை. ரோடெல்லாம் சேறு.

அவள் வரிசையும் இப்போது என்னிடம்தான். எரு வைப்பதாகச் சொல்லி, சாம்பலை வாரிவிட்டுச் செம்மண், அன்னபேதி. முப்பதிலும் பச்சைக் கொழுந்து வந்துவிட்டது. மேஸ்திரி மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்: "பாத்துக்கங்க, இதாம்மா வேல தெரிஞ்ச கை."

டீ நேரத்தில் நூர்ஜஹான் ஃபோன். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைகளில் கேட்டாளாம், வயசானவங்க வேண்டாம் என்றார்களாம். அப்புறம் அவளே, "என் செடிங்க இன்னும் மஞ்சளாத்தான் கீதாக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.