கெட்டுப்போன கண்ணாடி

மார்ச் 4
எலும்பில் ஓட்டை விழுந்த இடத்தில் வைத்தால் எலும்போடு சேர்ந்துகொள்ள வேண்டிய கண்ணாடி இது. உலையிலிருந்து எடுத்த குழம்பைச் சட்டென்று தண்ணீரில் கொட்டினேன். படபடவென்று நொறுங்கியது. படிகம் ஏதும் கட்டியிருக்கிறதா என்று பார்க்க, தூளை எங்கள் ஆய்வுக்கூடத்து எக்ஸ்ரே அறைக்காரரிடம் கொடுத்தேன். இயந்திரம் ஓடி முடிய மத்தியானம் முழுக்க ஆனது. அதுவரை ஊர்க்கதையெல்லாம் பேசினோம்.

"படிகமே இல்ல. சுத்தமான கண்ணாடி. இனி வர வேண்டியதில்ல."

நல்ல செய்திதான். ஏன் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தேன்?

மார்ச் 11
அடுத்த குழம்பைத் தண்ணீரில் கொட்டவில்லை. சூடான தட்டில் ஊற்றி ஆறவிட்டேன். மெதுவாக ஆறினால் படிகம் கட்டிக் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியாதா? கை தவறிவிட்டது என்று எழுதலாம் — யாரை ஏமாற்ற?

எக்ஸ்ரேயில் படிகம் தெரிந்தது. "யார் கண்ணு பட்டுச்சோ! மறுபடி உருக்கிட்டு வாங்க" என்று அவர் சிரித்தார்.

மறுபடி வரச் சொன்னார்! நாற்பத்திரண்டு வயதில் இந்தக் கூத்து.

மார்ச் 12
அக்கா போனில்: "என்னடி குரல்ல இவ்ளோ குஷி? உலை வெடிச்சிருச்சா?"

மார்ச் 20
அவருக்கு வேறு ஊரில் வேலை. மாதக் கடைசியில் கிளம்புகிறாராம். இயந்திரத்தின் கதவைத் துடைத்துக்கொண்டே சொன்னார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"நல்ல விஷயம்தானே" என்றேன். இந்த வாயை என்ன செய்வது? போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னடி குறைஞ்சு போயிருப்பே?

மார்ச் 31
போய்விட்டார்.

ஏப்ரல் 9
எக்ஸ்ரே அறை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன். அப்படியும் கால் அங்கேயே இழுக்கிறது.

ஏப்ரல் 23
ஒழுங்காக உருக்கிய கண்ணாடியை உடல்நீர் மாதிரி செய்த கரைசலில் ஊறப்போட்டிருந்தேன். மேலே வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அது எலும்பின் பொருள்தானா என்று எக்ஸ்ரேதான் சொல்ல வேண்டும். அங்கே புதிதாக வந்த பெண் இருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

"முடிஞ்சிருச்சுக்கா."

"அதுக்குள்ளயா? மத்தியானம் முழுக்க ஓடுமே?"

"இதுக்கா? யாராவது வேணும்னே வேகத்தைக் குறைச்சு வெச்சாத்தான் அவ்ளோ நேரம் ஆகும்."

அவள் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினாள். எலும்பின் பொருளேதான். இத்தனை நாள் தவம் கிடந்தது இதற்குத்தான். "ஜெயிச்சிட்டீங்க!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"முன்னாடி இங்க இருந்தாரே, அவரோட நம்பர் உன்கிட்ட இருக்காம்மா?" என்று கேட்டேன்.