காற்று அறிவித்தலுக்கு இடம்விடாத விளக்க நூல் பற்றியது

அனுப்புநர்:
மரியான் சிங்கராசா,
கடற்றொழிலாளர் சங்க உறுப்பினர்,
ஓலைத்தொடுவாய்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
கரையோரக் கணினித் திட்டக் கந்தோர்,
மன்னார்.

விடயம்: கணினியின் அடிப்படை நிறுவலிலிருந்து விளக்க நூலைப் பிரித்துத் தனிப் பொதியாக அனுப்பக் கோரல்

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் திட்டம் எமது சங்கத்துக்கு மனமுவந்து அளித்த பழைய கணினிக்கு ஒரேயொரு வேலைதான். பின்னேரம் வரும் காற்று அறிவித்தலை வாங்கி அச்சடித்துத் தர வேண்டும். அதைச் சங்கப் பலகையில் ஒட்டிய பின்தான் படகுகள் இறங்கும். அது செய்த நேர்த்தியில், காற்றே எங்கள் பலகையை வாசித்துவிட்டுத்தான் திசை மாறுகிறது என்று முழு மன்னாரும் நம்பியிருந்தது.

2. சென்ற மாதம் கணினியை நடத்தும் பணிசெயல் முறைமையைப் புதுப்பித்து அனுப்பினீர்கள். அதன் வயிற்றுக்குள், நாங்கள் கேளாமலே, மும்மொழி விளக்க நூல் ஒன்றும் வந்திறங்கியது. கணினியை எப்படி இயக்குவது என்பது முதல் அத்தியாயம். கணினியை இயக்கிய பின்னரே அதை வாசிக்க இயலும். தொடர்ந்து திறப்பு விழாப் படங்கள். தாங்கள் குத்துவிளக்கேற்றும் காட்சி முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, தயவுகூர்ந்து பின்னாலிருந்தும். ஒவ்வொரு படமும் திமிங்கிலத்துக்குச் சற்றே சிறியது. வன்தட்டு நிரம்பிவிட்டது. ஒரு பக்கக் காற்று அறிவித்தல் வந்தாலும் ‘இடமில்லை’ என்கிறது.

3. கணினியைப் பார்த்துக்கொள்ளும் கொலின்ஸ் நூலை அகற்ற முயன்றார். ‘இதனோடு இணைந்தவற்றையும் அகற்றவா?’ என்று கணினி கேட்டது. மரியாதையாகக் கேட்கிறதே என்று அவரும் ஓம் என்றார். நூல் போனது, அச்சிடும் வசதி போனது, கடைசியில் முறைமையே போனது. நூல் இல்லாவிட்டால் முறைமையும் இருக்கக்கூடாது என்று பொதி கட்டியவர் முடிச்சுப் போட்டிருக்கிறார். மீண்டும் நிறுவினோம், நூலும் மீண்டும் வந்து குந்திக்கொண்டது.

4. இதன் பலனாகச் சென்ற செவ்வாய் பலகை வெறுமையாயிருந்தது. எங்கள் ஊர் றெபேக்காவின் கணவர் அறிவித்தலில்லாமலே கடலுக்குப் போனார். சோளகக் காற்று எழும்பிப் படகைத் தள்ளிக்கொண்டுபோய் விடத்தல்தீவுப் பக்கம் எறிந்தது. மனிதர் அடம்பன் வழியாகப் பஸ்ஸில் வீடு வந்தார். படகு இன்னும் வரவில்லை. “படம் பாக்கவோ கொம்பியூட்டர் வச்சிருக்கிறியள்?” என்று றெபேக்கா சங்கத்துக்கு வந்து கேட்டபோது, வாய்ப்பேச்சிலேயே மாவட்டத்தை விற்கக்கூடிய நான் வெறும் பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

5. தங்கள் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தோம். “அப்ப தமிழ்ப் பகுதியை எடுத்துவிடுறம் ஐயா, இடம் வரும்” என்றார்கள். வேண்டாம் ஐயா! அந்நூலில் மெலிந்தது அதுதான்; நாங்கள் வாசிப்பதும் அதைத்தான். அச்சுப்பொறியில் சிக்கிய கடதாசியை எடுக்கக் கற்றதும் அதிலிருந்துதான்.

6. மீன்பிடிப் பருவத்துக்கு வேறு கரையில் வாடிக் குடிசை போடப் போகும்போது வலை, அரிசி, சட்டி, கூரைத் தறப்பாள் ஏற்றுவோம். கலியாண அல்பத்தை ஏற்றுவதில்லை; அதற்காக எரிப்பதுமில்லை. தேவையென்றால் வீட்டிலிருந்து எடுப்பிக்கலாம். அவ்வாறே, அடிப்படை நிறுவலில் கணினி நடக்கத் தேவையானதை மட்டும் வைத்து, நூலை மொழிக்கொரு பொதியாகவும் படங்களை வேறொரு பொதியாகவும் கட்டி, விரும்பியவர் விரும்பியதை ஏற்றவும், அகற்றினால் முறைமை சாகாதிருக்கவும் ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன்.

சோளகம் ஓயும்வரை பொறுக்கச் சொல்லாதீர்கள், அடுப்பு பொறுக்காது. படகுகள் இன்றும் இறங்கின. இதை நேரில் விசாரிக்கத் தாங்கள் எழுந்தருள்வதாயின் தரைவழியாகவே வரவும். கடல்வழி வர விரும்பினால், அன்றைய காற்றைத் தாங்களே கேட்டறிந்து வரவும். எங்களால் சொல்ல இயலாதிருக்கிறது.

இடம்: ஓலைத்தொடுவாய்
திகதி: 17.06.2025

தங்கள் பதிலைக் கரையில் நின்று பார்த்திருக்கும்,
ம. சிங்கராசா