கிரீஸ் பூசிய கொய்யா இலை

தலையில் மீன்கூடையும் இடுப்பில் என்னையும் சுமந்த என் லூர்தம்மா அக்காவுக்கு,

உன் கொய்யா மரம் காய்த்துவிட்டது! முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், மருமகள் ஸ்டெல்லா எழுதுகிறாள்.

நீ கூடையோடு நடந்த காசிமேட்டு ரோட்டில் இப்போது ஷேர் ஆட்டோ ஓடுகிறது. நம் சந்தில் பாதிப் பேர் கையில் செல்போன். ஹார்பர் பக்கமிருந்து காற்றடித்தால் கரித்தூள் மட்டும் அப்படியேதான் வருகிறது. காயப்போட்ட வேட்டி மேலும் விழுகிறது, உன் மரத்து மேலும் விழுகிறது.

கடைசியாக என்ன சொன்னாய் நீ? "டேய் சவரி, நான் வெச்ச மரம் ஒரு காயாவது காய்க்கணும்டா. பாத்துக்கோ." அன்று அது என் தோள் உயரம்.

நானும் பார்த்துக்கொண்டேன், என் புத்திக்கு எட்டினபடி. முப்பது வருஷம் ஹார்பரில் கிரேனின் இரும்புக் கயிற்றுக்குக் கிரீஸ் பூசினவன் நான். கிரீஸ் பூசின கயிற்றை உப்புக்காற்று தொடாது. இலைக்கும் அதுதானே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா உட்கார்ந்து ஒவ்வொரு இலைக்கும் மேலும் கீழும் மெலிசாகத் தடவினேன். சர்ச் பித்தளை விளக்கு மாதிரி மரம் மின்னியது. எனக்கு அத்தனை பெருமை!

பத்து நாளில் இலை பழுத்து உதிர ஆரம்பித்தது. மிச்சம் முப்பத்தொன்று. உன் மரத்தை நானே கொன்றுவிட்டேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னா மாமா இது? அதோட மூக்கையெல்லாம் அடைச்சு வெச்சிக்கீறீங்களே!"

"இலைக்கு ஏதும்மா மூக்கு?"

"வாங்க, காட்றேன்."

மறுநாள் அவள் பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். பள்ளிக்கூடத்துத் தோட்டத்து இலை ஒன்றின் அடித்தோலைச் சவ்வு போல உரித்து வைத்திருந்தாள். அக்கா, அத்தனையும் வாய்! ஒவ்வொன்றுக்கும் ரெண்டு உதடு. உன் கூடையில் கானாங்கெளுத்தி வாயைப் பிளந்து கிடக்குமே, அதே மாதிரி.

அந்த வாய் வழியாகக் காற்று உள்ளே போகிறதாம். வேர் குடித்த தண்ணீர் நரம்பு வழியாக மேலே வருகிறதாம். உள்ளே இருக்கும் பச்சைப் பொட்டுகள் வெயிலைப் பிடித்து, காற்றையும் தண்ணீரையும் சேர்த்துச் சர்க்கரை சமைக்கின்றனவாம். சமைத்ததை இறக்கத் தனிக் குழாய். ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று, ஹார்பர் மாதிரியேதான்! மேலே கரி வெயிலை மறைக்க, கீழே என் கிரீஸ் வாயை மூட, மரம் பட்டினி கிடந்திருக்கிறது. மண்தான் மரத்துக்குச் சோறு போடுகிறது என்று இத்தனை காலம் நம்பினோமே, நாம் ரெண்டு பேரும்?

அன்றைக்கே பழைய பனியனைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். எதிர்வீட்டுக் கன்னியம்மா விடுவாளா?

"இன்னா நைனா, மரத்துக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிகினு கீறே? பவுடர் போடலையா?"

"எண்ணெய் தேச்சதாலதான்மா இந்த வம்பே! பேஜாரு பண்ணாம ஒரு கொடம் தண்ணி கொண்டா."

முப்பத்தொன்றில் பத்தொன்பது நின்றது. அப்புறம் நுனியில் ஒரு துளிர். ரெண்டு மழைக்காலம் போய்ப் பூ. இந்த வாரம் முதல் பழம்.

உனக்குப் பிடித்தபடி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஒரு துண்டை வாயில் போட்டேன். நீ இருந்திருந்தால், "இன்னாடா, இனிக்குதா?" என்று கேட்டிருப்பாய் இல்லையா? இனிக்கிறது அக்கா. இத்தனை கரிக்கு நடுவில், நம் சந்தில் விழுகிற கொஞ்ச வெயிலில் அது சமைத்தது. கன்னியம்மா ரெண்டு துண்டு தின்றுவிட்டாள். இப்போது கேட்காமலே குடத்தோடு வருகிறாள்.

கிரீஸ் டப்பாவை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டேன். இனி ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் உன் மரத்து இலைகளை ஈரத்துணியால் துடைப்பேன். கை எட்டாததற்கு ஸ்டூல் போட்டு ஏறுவேன். "அதெல்லாம் ஏற உடமாட்டேன்" என்று எழுதுகிறவள் முறைக்கிறாள். நீயே அவளிடம் சொல், நான் உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று.

உன் இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்று அழுத தம்பி,
சவரிமுத்து