வாங்க அழகம்மா

கறம்பக்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பிரகதீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் சுகம்தான், அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறோம். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் டூட்டி என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய், இதுவோ இரண்டு வார்த்தையில் அடங்குகிற சங்கதி இல்லை ஆத்தா. லீவில் வந்திருந்த நாகராசு மகன் உங்கள் பக்கம் திரும்புகிறான், பருப்புப்பொடியோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

கடையை மூடிவிட்டு வீட்டிலேயே நைட்டி விற்கிறேன் என்றதும் போனில் லைவ் போட்டுக் காட்டச் சொன்னவள் நீதான். கூட்டம் சேரணும்னா வர்றவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கப்பா, பேரைக் கேட்டவங்க போகமாட்டாங்க என்று சொல்லிக்கொடுத்தாய். முதலில் வந்ததெல்லாம் இந்த மீசைக்காரன் பூப்போட்ட நைட்டியைத் தோளில் போட்டுக் காட்டுகிற கூத்தை வேடிக்கை பார்க்கத்தான், ஆனால் பெயரைச் சொல்லிச் சொல்லியே நிற்க வைத்துவிட்டேன். முதல் ஆர்டர் கொடுத்த ஆலங்குடிப் பக்கத்து அழகம்மாளை உனக்கு நினைவிருக்கும், சாயம் போகுமா அண்ணே என்று எழுதி எழுதிக் கேட்டுப் பச்சை நைட்டி ஒன்று வாங்கியது. கொஞ்ச நாளில் எழுதுவதை விட்டுவிட்டது, வாங்குவதும் இல்லை, ஆனால் லைவ் தொடங்கியதும் திரையில் முதலில் வந்து நிற்பது அந்தப் பெயர்தான். வாங்க அழகம்மா, பாத்துக்கிட்டே இருந்தா எப்புடி, எப்பத்தான் வாங்கப் போறீங்க என்று தினமும் கேலி பண்ணுவேன், எல்லாரும் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். அழகம்மா அக்கா வந்தாச்சா என்று மற்றவர்களே கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

போன வாரம் செல்லமுத்து என்று ஒருவர் நைட்டி கவரில் இருந்த விலாசத்தை வைத்து வீடு தேடி வந்தார். அழகம்மாள் வீட்டுக்காரராம். தினமும் பாத்துட்டு வாங்க மாட்டேங்குறாங்கன்னு சொல்றீங்களே அண்ணே, அதான் ஒண்ணு வாங்கிட்டுப் போவோம்னு வந்தேன் என்றார். அந்தம்மா வரலையா என்று கேட்டேன். தை மாதமே நெஞ்சுவலியில் போய்விட்டதாம். அந்தம்மா லைவ் பார்த்துவந்த நேரத்துக்கு இவர் அதன் போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ஊருல எல்லாரும் செத்தவ, போனவங்குறாங்க, நீங்க ஒருத்தர்தான் இன்னமும் வாங்கன்னு பேர் சொல்லிக் கூப்புடுறீங்க, நிறுத்திறாதீங்க என்றார். அழகம்மாள் அளவிலேயே ஒரு பச்சை நைட்டி வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து நான் நானாக இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் இறந்தவளை வீட்டுக்குள் வாங்க வாங்க என்றல்லவா அழைத்திருக்கிறேன். உன் அம்மா போன் ஸ்டாண்டுக்குத் திருநீறு பூசிவிட்டாள், இனி அந்தப் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்கிறாள். இரண்டு நாள் பார்த்தும் பார்க்காதது போலத் தாண்டினேன். பெயர் போகாமல் அப்படியே நின்றது. அழகம்மா அக்காவை ஏன் கூப்பிடலை என்று ஆவூர் டீச்சர் ஒருவர் எழுதிக் கேட்டார், அடுத்த நைட்டியை எடுத்து விரித்துக் காட்டினேன். நேற்றுக் கூப்பிட்டுவிட்டேன். கேலி எதுவும் இல்லை, வாங்க அழகம்மா என்று மட்டும். அந்தப் பக்கம் செல்லமுத்துதான் இருக்கிறார் என்று தெரிந்தும் வாசல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். மற்றவர்கள் எப்போதும்போல விலை கேட்டார்கள், நானும் சொன்னேன்.

நீயும் லைவுக்கு வருகிறாய். கடைசியில் உன் பெயர் வந்து நிற்கும், ஒன்றும் எழுதமாட்டாய். முன்பெல்லாம் அதைப் பார்த்துவிட்டால் போதும், பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று நிம்மதியாகப் படுப்பேன். இப்போது அந்தப் பெயரைப் பார்த்தால், போன் யார் கையில் இருக்கிறதோ என்று புத்தி எங்கெங்கோ போகிறது. அப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். எனக்குப் பயமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, உன் தலைக்கு வருகிறதெல்லாம் எங்களோடு போகட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வா ஆத்தா பிரகதி என்று நான் கூப்பிட்டதும் எதையாவது எழுது. வந்துட்டேம்ப்பா என்று எழுது, நைட்டி கலர் கண்றாவியா இருக்கு என்றாவது எழுது. பெயர் மட்டும் வந்து நிற்க வேண்டாம்.

நீ எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அப்பா ஆண்டிச்சாமி.